தீவும் கரையும் ட்ரோனும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வல்லத்திலிருந்து (சிறு படகு) பறக்கவிட்ட ட்ரோன் சார்ஜ் குறைந்ததும் கடலில் இறங்கிவிட்டது. என்ன கோளாறு? (பாம்பன் வாசகர்)

ட்ரோனில் கோளாறு இல்லை. தான் கிளம்பிய இடத்தைத்தான் அது நினைவில் வைத்திருக்கும், படகை அல்ல. இருபது நிமிடத்தில் நீவாடு (கடல் நீரோட்டம்) உங்கள் வல்லத்தைத் தள்ளிக்கொண்டு போயிருக்கும். ட்ரோன் பழைய இடத்துக்குச் சரியாக வந்து, வெறும் தண்ணீரில் இறங்கியிருக்கும். நங்கூரம் போட்டுவிட்டுப் பறக்கவிடுங்கள். முதலில் எதிர்காற்றில் அனுப்புங்கள்; திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். பேட்டரி பாதியானதும் அழைத்துவிடுங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் நாட்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் வேண்டவே வேண்டாம்.

எங்கள் ஊர்க் கரை அரிபடுகிறது. ட்ரோன் படத்தைக் காட்டி நிரூபிக்க முடியுமா? (ஏர்வாடி வாசகர்)

முடியும். ஆனால் ஒரே ஒரு படம் எதற்கும் சாட்சியாகாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் ஒரே நாளில் மூழ்கவில்லை. சுண்ணாம்புக்காகப் பாரை, அதாவது கடலடிப் பவளப்பாறையை, வெட்டி எடுத்தார்கள், அலையைத் தடுக்க ஆளில்லாமல் மணல் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. அந்தக் கொஞ்சத்தைத்தான் நாம் அளக்க வேண்டும்.

பலரும் நீர் விளிம்பை அளந்து ஏமாறுகிறார்கள். ஐம்பது அடிக்கு ஓரடி சரியும் மணலில், ஓதம் (கடல் ஏற்றம்) 20 சென்டிமீட்டர் ஏறினாலே நீர் 10 மீட்டர் உள்ளே வந்துவிடும். அது அரிப்பு ஆகாது. கரை மணலில் வளரும் அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் முடிகிற விளிம்பை அளவுகோலாக வையுங்கள். கிணற்று மேடை, தர்கா திண்ணை போன்ற அசையாத இடங்களில் வெள்ளைப் பெயிண்டால் பெருக்கல் குறி போடுங்கள். வாடைக் காற்றுக்கு முன்பு ஒருமுறை, வாடை ஓய்ந்தபின் ஒருமுறை, அதே உயரத்தில் ஆண்டுதோறும் எடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது 10 மீட்டர். 100 மீட்டர் உயரத்து ட்ரோன் படத்தில் சில சென்டிமீட்டர்தான். நான் குறி போட்ட ஒரு கரையில், புரட்டாசியில் மணலுக்குள் இருந்த பனையின் வேர் மாசியில் வெளியே தொங்கியது. இரண்டு படங்களையும் அருகருகே வைத்தபோது ஊர்க்கூட்டத்தில் யாரும் மறுபேச்சு பேசவில்லை.

கடல்தாழை (கடற்புல்) எங்கே குறைகிறது என்று மேலிருந்து தெரியுமா? (தொண்டி வாசகி)

வடகடல் (பாக் விரிகுடா) தெளிந்து, காற்று எழாத விடியற்காலையில் தெரியும். வெயில் ஏறினால் தண்ணீர் கண்ணாடியாக மின்னி எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஆவுளியா (கடல்பசு) மேய்வது இந்தத் தாழையைத்தான் என்பதால் இது அவசியமான வேலை. ஒரு சிக்கல் உண்டு: படத்தில் தாழையும் பாசியும் பாரும் ஒரே கறுப்பாகத் தெரியும். படத்தைப் பெரிதாக அச்சடித்து, பாசி எடுக்க மூழ்கும் பெண்களிடம் கொடுங்கள். எந்தக் கறுப்பு எது என்று விரல் வைத்துச் சொல்வார்கள். அவர்கள் சொல்லாமல் வரையும் வரைபடத்தை நான் நம்புவதில்லை.

அனுமதி தேவையா? (மண்டபம் வாசகர்)

கட்டாயம் தேவை. 2021 ட்ரோன் விதிகளின்படி ட்ரோனைப் பதிவு செய்து எண் வாங்குங்கள். அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்; உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது, இலங்கைக் கடல் எல்லையும் பக்கம். தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா, ஆகவே வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி தனியாக வேண்டும்.

தனுஷ்கோடியில் பூநாரைகளை ட்ரோனால் எண்ணலாமா? (இராமேசுவரம் மாணவர்)

வேண்டாம். இரை தேடும் கூட்டம் ஒட்டுமொத்தமாக எழுந்து பறந்துவிடும். கரையில் நின்று தொலைநோக்கியால் எண்ணுங்கள்.

ஆறே மாதத்தில் மோட்டார் இறுகிவிட்டது. (கீழக்கரை வாசகர்)

உப்பும் மணலும் செய்த வேலை. வெறும் மணலில் வைத்துக் கிளப்பாதீர்கள், தார்ப்பாய் விரியுங்கள். வீடு வந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இறக்கையையும் உடலையும் துடையுங்கள். மோட்டாரை விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். நறநறவென்றால் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள்.