அந்த அரை மாத்திரைக்கு யார் பொறுப்பு?

கேள்வி: எனக்கு 31 வயது. பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். கணவர் எச்-1பி விசாவில் டல்லாஸில் இருக்கிறார். நானும் அங்கே போய் நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது மருந்து எழுத அதிகாரம் உள்ள உயர்நிலை நர்ஸ் ஆக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. லைசென்ஸ் வாங்க என்னென்ன செய்ய வேண்டும்? மாமியாருக்கு இதில் விருப்பம் இல்லை. ஐந்து வயது மகளை அவரிடம் விட்டுவிட்டுப் போகலாமா என்றும் யோசிக்கிறேன். மருந்து எழுதுவது எனக்குப் புதிது இல்லை. எங்கள் தெருவில் பெரிய வீடுகளில் தனியாக இருக்கும் ஆச்சிமாருக்குச் சளி, காய்ச்சல் என்றால் நான்தான் எழுதிக் கொடுப்பேன். தூக்கம் வராதவர்களுக்கு அல்பிரசோலம் அரை மாத்திரை. மெடிக்கலில் என் சீட்டுக்கே கொடுத்துவிடுவார்கள். என்னால் முடியுமா? தைரியம் சொல்லுங்கள்.
பெயர் வேண்டாம், கண்டனூர்.

பதில்:

தைரியம் உங்களுக்குக் குறைவாக இருப்பதாக எனக்குத் தெரியவில்லை அம்மா. கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. கணவர், மாமியார், மகள், விசா எல்லாவற்றுக்கும் பிறகு வருகிறேன். முதலில் அந்த அரை மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டும். அதை உங்கள் தகுதியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் பகீரென்றது.

அந்த வீடுகளை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அத்தனை பெரிய வீட்டில் ஒரே ஒரு அறையில் விளக்கு எரியும். கழிப்பறை பின்கட்டில். போகிற வழியில் உயரமான நிலைப்படி, அப்புறம் முற்றத்தை ஒட்டி ஒரு படி, கால் வைத்தால் வழுக்கும் ஆத்தங்குடித் தரை. எண்பது வயது ஆச்சி ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து இத்தனையையும் தாண்டிப் போகிறார். உள்ளே உங்கள் அரை மாத்திரை வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்த வயதில் உடம்பு அல்பிரசோலத்தைச் சீக்கிரம் வெளியேற்றாது. தலை கிறுகிறுக்கும், கால் தடுமாறும். விழுந்தால் இடுப்பெலும்பு. காலையில் பால்காரர் வந்து கதவைத் தட்டும்வரை ஏனென்று கேட்க ஆள் கிடையாது. முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவர்கள் வைத்திருக்கும் பியர்ஸ் பட்டியலில் இந்த வகை மாத்திரைகள் இருக்கின்றன. நீங்கள் போக நினைக்கும் நாட்டில் இது நர்ஸ் பிராக்டிஷனருக்குப் பாலபாடம்.

காய்ச்சலுக்கு எழுதும் ஆன்டிபயாடிக் மட்டும் என்ன? சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு சாப்பிடுகிற ஆச்சிக்கு லீவோஃப்ளாக்சசின் எழுதினால் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். அன்றைக்குப் பார்த்து அவர் விரதம் இருந்தால் கேட்கவே வேண்டாம். அவர் வேறு என்னென்ன சாப்பிடுகிறார், கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டா எழுதினீர்கள்? திண்ணையில் நின்று கேட்டு, திண்ணையிலேயே எழுதியிருப்பீர்கள்.

உங்கள் ஐ.சி.யூ.வில் இப்படிச் செய்வீர்களா? டாக்டர் ஆர்டர் இல்லாமல் ஒரு ஊசி போடுவீர்களா? மாட்டீர்கள். மருந்து, அளவு, நேரம், கையெழுத்து எல்லாம் கேஸ் ஷீட்டில் இருந்தால்தான் உங்கள் கை சிரிஞ்சைத் தொடும். அந்த ஒழுங்கு மருத்துவமனை வாசலைத் தாண்டியதும் எங்கே போகிறது? அங்கே படுத்திருப்பவருக்குக் கேட்க ஆள் இருக்கிறது, இங்கே ஆச்சிக்கு யாரும் இல்லை என்பதாலா?

இன்னொன்று. அல்பிரசோலம் நம் மருந்துச் சட்டத்தில் கூடுதல் கட்டுப்பாடு உள்ள எச்1 பட்டியல் மருந்து. அந்த மருந்துகளை விற்கும்போது எழுதிக் கொடுத்தவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். 2014 மார்ச் முதல் இதுதான் சட்டம். உங்கள் ஆச்சிமாரின் மாத்திரைக்கு நேரே அதில் எந்த டாக்டர் பெயர் இருக்கிறது? ஒன்று, பொய்யாக ஒரு பெயர் இருக்கும். இல்லாவிட்டால் எழுதாமலே விட்டிருப்பார்கள். எப்படிப் பார்த்தாலும் உங்கள் பெயர் இருக்காது. நாளைக்கு ஆச்சி விழுந்தால் பதில் சொல்ல யாரும் இல்லை. இதைத்தான் நீங்கள் பழக்கம் என்கிறீர்கள்.

சரி, அதே அரை மாத்திரையை டல்லாஸில் ஒருவருக்கு எழுத என்ன வேண்டும் என்று சொல்கிறேன். நீங்கள் கேட்ட வழியும் அதுதான்.

முதலில் அங்கே ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற நர்ஸ் ஆக வேண்டும். இங்கே படித்ததை அங்கே ஒப்பிட்டுச் சொல்லும் சான்று மதிப்பீடு வேண்டும். அதற்கு உங்கள் பல்கலைக்கழக மதிப்பெண் விவரமும், தமிழ்நாடு நர்ஸ்கள் கவுன்சிலில் உங்கள் பதிவு செல்லும் என்ற உறுதியும் நேரடியாகப் போய்ச் சேர வேண்டும். ஆங்கிலத் தேர்வு உண்டு. பிறகு என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் லைசென்ஸ் தேர்வு: 85 முதல் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். சென்னையிலேயே எழுதலாம்.

அடுத்து அங்கே அங்கீகாரம் பெற்ற நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு, முதுநிலை அல்லது முனைவர் நிலை. இங்கே இந்திய நர்சிங் கவுன்சிலின் இரண்டு வருட தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இருக்கிறது. ஐ.சி.யூ. அனுபவம் உள்ள உங்களுக்குப் பொருத்தமானதும்கூட. ஆனால் அதை எடுத்துக்கொண்டு போய் நேராக அங்கே லைசென்ஸ் கேட்க முடியாது. அங்கத்திய படிப்பில் நோயாளிகளோடு குறைந்தது 500 மணி நேரம் என்று நெடுங்காலம் இருந்தது. 2022இல் வந்த தரவிதி அதை 750 ஆக்கியது. அத்தனையும் ஒரு மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருக்கச் செய்ய வேண்டிய வேலை. அதன் பிறகு நீங்கள் எடுத்த பிரிவில் தேசியச் சான்றிதழ்த் தேர்வு, பிறகு மாநில வாரியத்தின் உயர்நிலை நர்ஸ் லைசென்ஸ்.

இத்தனைக்குப் பிறகும் டெக்சஸில் உங்கள் இஷ்டத்துக்கு எழுத முடியாது. ஒரு டாக்டரோடு மருந்து எழுதும் அதிகாரத்துக்கான ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அரிசோனா, நியூ மெக்சிகோ, கொலராடோ போன்ற மாநிலங்களில் இந்தக் கட்டு தளர்ந்திருக்கிறது. டெக்சஸில் தளரவில்லை. அல்பிரசோலம் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, அதை எழுத அந்நாட்டு மத்திய அரசின் போதைமருந்துத் தடுப்பு அமைப்பான டி.இ.ஏ.வின் பதிவு தனியாக வேண்டும். எழுதுவதற்கு முன்னால் அந்த நோயாளி வேறு யாரிடம் என்ன வாங்கியிருக்கிறார் என்று மாநிலக் கணினிப் பதிவேட்டைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். அந்த அரை மாத்திரைக்கு இவ்வளவு இருக்கிறது அம்மா.

'ஊருக்கு உதவிதானே செய்கிறேன்' என்பீர்கள். 1965இல் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் இந்த நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கியதும், மருத்துவ வசதி எட்டாத குழந்தைகளுக்காகத்தான். அவர்கள் பயிற்சியில் ஆரம்பித்தார்கள். நீங்கள் சீட்டில் ஆரம்பித்திருக்கிறீர்கள். அதுவும் காரைக்குடி டாக்டர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரில்.

விசாவில் ஒன்றைக் கவனியுங்கள். கணவரைச் சார்ந்து எச்-4 விசாவில் போனால் படிக்கலாம். ஆனால் வேலை செய்ய அனுமதி தானாக வராது. கணவரின் கிரீன் கார்டுக்காக அவருடைய நிறுவனம் போடும் ஐ-140 மனு ஒப்புதல் ஆன பிறகுதான் பொதுவாக அதற்கு விண்ணப்பிக்க முடியும். அது எந்த நிலையில் இருக்கிறது என்று அவரிடம் கேட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

மகளை விட்டுவிட்டுப் போகாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. அப்பாவும் இல்லாமல் அம்மாவும் இல்லாமல் வளர்வதற்கு அந்தக் குழந்தை யாருக்கும் கடன்படவில்லை. எச்-4 அவளுக்கும் கிடைக்கும், மூன்று பேரும் ஒரே வீட்டில் இருங்கள். மாமியாரின் எதிர்ப்பு அப்படியொன்றும் பெரிய விஷயம் இல்லை. ஆண்கள் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வருடக்கணக்கில் போய்வந்த ஊர் இது. மருமகள் படிக்கப் போவது அவருக்கு விளங்காத காரியம் அல்ல. கணவரைப் பேசச் சொல்லாமல் நீங்களே உட்கார்ந்து பேசுங்கள். பேத்தியும் போய்விட்டால் தன்னை யார் பார்ப்பார்கள் என்ற பயம் அவருக்கு இருக்கும். அதற்கு உங்கள் இருவரிடமும் ஒரு ஏற்பாடு இருக்க வேண்டும்.

ஆச்சிமார் விஷயத்திலும் அதைத்தான் சொல்கிறேன். அவர்களுக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்று ஒரு நாளாவது உட்கார்ந்து கேட்டீர்களா? வலியா, மூச்சிரைப்பா, சாயங்காலம் குடித்த காபியா, தனியாக இருக்கும் பயமா? பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு, 'பக்கத்தில் நர்ஸ் பொண்ணு இருக்கு, பாத்துக்கும்' என்று நிம்மதியாக இருக்கிறார்கள். பெற்றவளை டாக்டரிடம் கூட்டிப்போவது பிள்ளையின் கடமை. அதை அவர்கள் மறந்திருக்க உங்கள் சீட்டு வசதி செய்து கொடுத்திருக்கிறது.

இனி புதிதாகச் சீட்டு எழுதாதீர்கள். ஆனால் ஏற்கெனவே தினமும் அந்த மாத்திரையைப் போட்டுப் பழகியவர்களிடம் 'இன்றோடு நிறுத்துங்கள்' என்று சொல்லிவிடவும் கூடாது. திடீரென்று நிறுத்தினால் நடுக்கம் வரும், வலிப்புகூட வரலாம். ஒவ்வொருவரையும் நீங்களே டாக்டரிடம் அழைத்துப் போய், எத்தனை நாளாக எவ்வளவு கொடுத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். படிப்படியாகக் குறைப்பதை அவர் பார்த்துக்கொள்வார். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களை மக்களைத் தேடி மருத்துவத்தில் பதியச் சொல்லுங்கள். 2021இல் தொடங்கிய திட்டம், மாத்திரை வீட்டுக்கே வரும், பெயரோடும் கணக்கோடும் வரும். அப்புறம் ஒவ்வொரு ஆச்சியின் பிள்ளைக்கும் போன் போட்டு, 'உங்கள் ஆத்தா இந்த மாத்திரை சாப்பிட்டு வந்தார், நான்தான் கொடுத்தேன், இனி நீங்கள் பொறுப்பெடுக்க வேண்டும்' என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்துக்கும் கவுன்சிலுக்கும் அனுப்ப வேண்டிய விண்ணப்பங்களை அதற்குப் பிறகு நிரப்பலாம்.