வக்கீலம்மா பதில்கள்: தாவோவில் படிக்கும் பையன்

கேள்வி: வக்கீலம்மாவுக்கு வணக்கம். என் மகன் பிலிப்பைன்ஸ் நாட்டில், தாவோ நகரத்தில் டாக்டருக்குப் படிக்கிறான். பாங்க், மால், அழகு நிலையம் என்று எங்கே போனாலும் திருநங்கைகள் வேலை செய்கிறார்களாம். ஞாயிறு பூசையில் பக்கத்திலேயே உட்காருகிறார்களாம், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையாம். நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர்கள். அதுவும் கத்தோலிக்க நாடுதானே, அரசாங்கம் இதையெல்லாம் சட்டப்படி ஒத்துக்கொண்டுவிட்டதா? பையன் மனசு மாறிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், எலத்தகிரி

பதில்: பயத்தை முதலில் முடித்துவிடலாம். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்கிற விஷயம் இல்லை இது. டாக்டராகப் போகிறவன் எல்லா மனிதர்களையும் பார்த்துப் பழகட்டும், நல்லதுதான்.

இனி அரசாங்கம். பையன் சொன்னது நிஜம். ஆனால் அதை வைத்து அரசு ஒத்துக்கொண்டது என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே நூற்றுக்கு 79 பேர் கத்தோலிக்கர். தன்பாலீர்ப்பு அங்கே குற்றமும் இல்லை. காரணம் சர்க்காரின் பெருந்தன்மை அல்ல, அந்த நாட்டை யார் ஆண்டார்கள் என்பதுதான். நம்மை ஆண்ட வெள்ளைக்காரன் 1860-ல் ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவை எழுதிவைத்துவிட்டுப் போனான். அவர்களை ஆண்டது ஸ்பெயின். அந்த நாடு 1822-லேயே இந்தக் குற்றத்தைத் தன் தண்டனைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. அதனால் பிலிப்பைன்ஸில் ஜெயில் பயம் இல்லை.

ஜெயில் பயம் இல்லை, அவ்வளவுதான். வேலையிலிருந்து துரத்தினால், வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னால் நாடு முழுவதற்குமாக ஒரு சட்டம் கிடையாது. பாகுபாட்டைத் தடுக்கும் மசோதா முதலில் வந்தது 2000-ல். 2017-ல் கீழ்ச்சபையில் 198 பேர் ஆதரவு, எதிர்த்து ஒரு ஓட்டுகூட இல்லை. ஜெரால்டின் ரோமன் என்ற திருநங்கை அப்போது அந்தச் சபையிலேயே உறுப்பினர், 2016-ல் மக்கள் ஓட்டுப் போட்டு ஜெயித்தவர். அப்புறம் மசோதா செனட்டுக்குப் போனது, அங்கேயே படுத்துக்கொண்டது. அடுத்து வந்த சபைகளிலும் அதே கதைதான். 2023-ல் செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் ஜோயல் வில்லனுவேவா இதற்கு இப்போது அவசரமில்லை என்றார். அவருடைய அப்பா ஒரு பெரிய சுவிசேஷ சபையை நிறுவியவர். கவனியுங்கள், இந்த மசோதாவில் கல்யாணப் பேச்சே இல்லை. வேலை, படிப்பு, ஆஸ்பத்திரி, இவ்வளவுதான். அதற்கே இந்த இழுபறி. கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்றுவிட்டு, பந்தியில் இலை போடாமல் விடுகிற மாதிரி.

ஜனாதிபதிகளும் இப்படித்தான். டுடெர்ட்டே 2017 மார்ச்சில், நாங்கள் கத்தோலிக்கர், ஒரே பாலினத் திருமணம் இங்கே நடக்காது என்றார். அதே வருடம் டிசம்பரில் உங்கள் பையன் இருக்கும் தாவோவில், திருநங்கைகளும் தன்பாலீர்ப்பாளர்களும் கூடிய கூட்டத்தில் நின்று, எனக்குச் சம்மதம் என்றார். கூட்டத்துக்கு ஏற்ற பேச்சு நமக்குப் புதிதா என்ன! அடுத்து வந்த மார்கோஸ் 2023 டிசம்பரில் ஒரு சிறப்புக் குழு போட்டார். குழு போடுவது எந்த அரசுக்கும் கஷ்டமில்லை.

எனக்கு அந்த ஊர் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகள்தான் ருசி. 2007-ல், அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு திருநங்கை பிறப்புச் சான்றிதழில் பாலினத்தை மாற்றக் கேட்டார். தீர்ப்பு ஆதியாகம வசனத்தோடு ஆரம்பிக்கிறது, அடுத்த பத்தியில் மூங்கிலைப் பிளந்துகொண்டு முதல் ஆணும் பெண்ணும் வந்த அவர்கள் நாட்டுக் கதை. கடைசியில் மனு தள்ளுபடி. மூன்றே வருடத்தில் காற்று திரும்பியது. 'அங் லட்லட்' என்ற இவர்களுடைய கட்சியைப் பதிவு செய்ய மறுத்த தேர்தல் ஆணையம், காரணமாக பைபிளையும் குர்ஆனையும் எடுத்து எழுதியிருந்தது. 2010-ல் இதே நீதிமன்றம், அரசு முடிவுக்கு வேதப் புத்தகம் ஆதாரம் ஆகாது என்று அதை அடித்துத் தள்ளியது. 2019-ல் ஒரே பாலினத் திருமணம் கேட்டு ஒரு வக்கீல் போட்ட வழக்கும் தள்ளுபடிதான். ஆனால் காரணம் வேறு: அவர் திருமண லைசென்ஸ் கேட்டு விண்ணப்பித்ததே இல்லை! போகிற போக்கில், அரசியல் சாசனம் திருமணத்தை ஆண், பெண் என்று வரையறுக்கவில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். கதவைச் சாத்தினார்கள், தாழ் போடவில்லை. வரையறுத்திருப்பது 1987-ன் குடும்பச் சட்டம்தான். அதே நாட்டில், முஸ்லிம்களைத் தவிர மற்றவர்களுக்கு விவாகரத்தும் கிடையாது, அது தனிக் கதை.

அந்த 2007 தீர்ப்பைப் படிக்கும்போது எனக்கு என் கட்சிக்காரர் ஒருவர் ஞாபகம் வருகிறார். காவேரிப்பட்டணம் பக்கத்துத் திருநங்கை, பெயர் மாற்ற வந்தார். மஞ்சப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து என் மேசையில் வைத்தார். மார்க் ஷீட்டில் அப்பா வைத்த பெயர், ரேஷன் கார்டில் இனிஷியல் மாறிய பெயர், திருநங்கையர் நலவாரிய அட்டையில் அவரே வைத்துக்கொண்ட பெயர். அஃபிடவிட் போட்டு, அரசிதழில் வெளியிட்டு, ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கி எல்லாவற்றையும் ஒரே பெயராக்க நாளாயிற்று. அலைச்சல்தான், ஆனால் வழி இருந்தது. தாவோ மாலில் சிரித்த முகத்தோடு பில் போடும் அந்தப் பெண்ணுக்கு, பிறப்புச் சான்றிதழில் 'ஆண்' என்றுதான் இருக்கும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. நாட்டுச் சட்டம் வராததால் நகரங்கள் தாங்களே விதி போட்டுக்கொண்டன. தாவோவில் 2012-லேயே பாகுபாட்டுத் தடை விதி வந்துவிட்டது. பையன் பார்க்கிற காட்சியில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

கேள்வி: உகாண்டாவும் கிறிஸ்தவ நாடுதான். அங்கே தூக்குத் தண்டனை வரை போய்விட்டார்களே, மதம் ஒன்றாக இருந்தும் ஏன் இந்த வித்தியாசம்?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், பாலக்கோடு

பதில்: 2023 மே மாதம் உகாண்டா அதிபர் முசெவேனி கையெழுத்திட்ட சட்டம் அது. ஒரே பாலின உறவுக்கு ஆயுள், சில சூழ்நிலைகளில் மரண தண்டனை. உலக வங்கி புதுக் கடனை நிறுத்தியது, அவர் அசையவில்லை. 2024 ஏப்ரலில் அரசியல் சாசன நீதிமன்றம் சில பிரிவுகளை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை அப்படியே விட்டது. சார், 377-ன் வாரிசு அங்கேயும் உண்டு, வெள்ளைக்காரன் விதைத்தது. அதன்மேல் 2009-ல் அமெரிக்கப் பிரசங்கிகள் தலைநகர் கம்பாலாவுக்கு வந்து உரம் போட்டார்கள். அதே 2023 ஜனவரியில் போப் பிரான்சிஸ், தன்பாலீர்ப்பு குற்றமல்ல என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆக, வேதம் ஒன்றுதான். சட்டம் யார் கையில் இருக்கிறது, ஓட்டு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், பதில் அங்கே கிடைக்கும்.

கேள்வி: அக்கா, நானும் என் தோழியும் ஓசூரில் கம்பெனி வேலை. ஒரே வீட்டில் ஜோடியாக வாழ்கிறோம். அவளுக்கு ஆபரேஷன் என்றபோது, நீ யார் என்று கேட்டு என்னிடம் கையெழுத்து வாங்கவில்லை. எந்த நாட்டிலாவது இதற்கு வழி இருக்கிறதா?
– பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்: மேலே பேசிய அதே பிலிப்பைன்ஸில், கேசோன் நகரம் 2023-ல் ஒரு அட்டை கொண்டுவந்தது. அதை வைத்திருந்தால் துணைக்காக ஆஸ்பத்திரியில் முடிவு எடுக்கலாம். நம்மிடம் அப்படி ஓர் அட்டை இல்லை தங்கச்சி. 2023 அக்டோபரில் நம் உச்ச நீதிமன்றம் திருமண உரிமை தர மறுத்துவிட்டது. ஆனால் 2025 மே மாதம், வேலூர் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு ஆட்கொணர்வு மனுவில் சென்னை உயர் நீதிமன்றம், கல்யாணம் இல்லாமலும் இப்படி ஜோடிகள் குடும்பமாக அமையலாம் என்றது. வீட்டார் அடைத்து வைத்த பெண்ணை, அவள் விருப்பப்படி போகவும் விட்டது. இந்தத் தீர்ப்பின் நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடனே செய்யக்கூடியது: ஒருவருக்கொருவர் பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக்கொள்ளுங்கள், மருத்துவ விஷயங்களைத் தனியாகக் குறிப்பிட்டு. ஆஸ்பத்திரி இதை மதித்தே ஆக வேண்டும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் வெறுங்கையோடு நிற்பதைவிட மேல். பாங்கில் ஜாயின்ட் அக்கவுண்ட் திறங்கள், அவரவர் தனி அக்கவுண்டில் ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடுங்கள். தடை எதுவும் இல்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகமே அறிவித்திருக்கிறது. கவுன்டரில் முகம் சுளித்தால் மேனேஜரைப் பார்த்து, மறுப்பை எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். எழுத்தில் கேட்டால் பாதிப் பேர் ஃபாரத்தை எடுத்து நீட்டிவிடுவார்கள்.