தரம் 7: “ஒன்றுமில்லை, டீச்சர்” என்பதைத் தாண்டாத வகுப்பு

உணர்வுகளைப் பற்றிக் கேட்டால் உங்கள் மாணவர்கள் “ஒன்றுமில்லை, டீச்சர்” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்களா? “இன்று உங்கள் மனநிலை என்ன?” என்று ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்பதை நிறுத்திவிட்டு, அதே கேள்வியைக் கற்பனை மாணவன் ஒருவனைப் பற்றிக் கேளுங்கள்.

அவர்கள் மனந்திறந்து பேசாததற்குப் பெரும்பாலும் கூச்சமே காரணம். வகுப்பில் சொன்னது இடைவேளையில் கேலியாகும். கொழும்பில் அதே கூட்டம்தான் மாலையில் வெள்ளவத்தை ரியூசனிலும் இருக்கும்.

தவணைப் பரீட்சைப் புள்ளிகள் உரத்து வாசிக்கப்படும்போது கடைசி வாங்கில் இருப்பவனுக்கு என்ன தோன்றும் என்று பெயரிடாமல் எழுதச் சொல்லிப் பாருங்கள். அவமானம், பொறாமை, பயம் என்று பலவும் வந்தால் தடை கூச்சந்தான். எல்லாத் தாளிலும் ‘கவலை’ மட்டுமே இருந்தால், உணர்வுகளை வேறுபடுத்திச் சொல்லும் சொற்களை முதலில் கற்பிக்க வேண்டும்.

இரகசியம் காப்பதாக மட்டும் வாக்களிக்க வேண்டாம். யாரேனும் தமக்கு நேரும் துன்புறுத்தலை எழுதினால், அதை வகுப்பில் பேசாமல், ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியரிடமோ தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கோ தெரிவியுங்கள்.