ஆறு மணித்தியாலம் படிக்கிறாள், கட்டுரை மட்டும் வரவில்லை

வெள்ளவத்தையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

உங்கள் கடிதமும் மகளின் விடைத்தாளும் கிடைத்தன. உயர்தரக் கலைப்பிரிவு, அரசியல் விஞ்ஞானத்தில் பல்தேர்வு வினாக்கள் பரவாயில்லை, கட்டுரைப் பத்திரத்தில்தான் தவணைக்குத் தவணை புள்ளி இறங்குகிறது, பிள்ளையோ இரவு பதினொரு மணி வரை மேசையை விட்டு எழும்புவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு வகுப்புக்கு அனுப்பலாமா என்பது உங்கள் கேள்வி.

வேண்டாம். காரணம் அந்த விடைத்தாளிலேயே இருக்கிறது.

பிரித்தானியர் காலத்தில் இலங்கைக்கு வந்த டொனமூர் அரசியலமைப்பின் நிர்வாகக் குழு முறையை, அதாவது சபை உறுப்பினர்கள் குழுக்களாகப் பிரிந்து நிர்வாகத்தைக் கவனித்த முறையை, விமர்சன ரீதியாக மதிப்பிடச் சொல்லி வினா வந்திருக்கிறது. மகள் இரண்டரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். 1931, சர்வசன வாக்குரிமை, தெரிவு செய்யப்பட்ட 50 பேர், ஏழு குழுக்கள், மூன்று அரச உத்தியோகத்தர்கள். ஒன்றும் பிழையில்லை. ஆனால் அந்த முறை வேலை செய்ததா, யாருக்கு உதவியது, எங்கே சறுக்கியது என்று ஒரு வரியும் இல்லை. பாடம் தெரிந்த பிள்ளை, கேட்காத கேள்விக்கு விடை எழுதியிருக்கிறாள். இதை எழுத்துப் பிரச்சினை என்று எல்லோரும் நினைப்பார்கள். எனக்கு இது வாசிப்பில் தொடங்கும் பிரச்சினையாகத்தான் தெரிகிறது. ரியூட்டை, அதாவது வகுப்பில் கொடுக்கும் அச்சுக் குறிப்பை, எப்படி வாசித்தாளோ, அப்படியே எழுதியிருக்கிறாள்: மேலிருந்து கீழே, தலைப்பு வாரியாக, எல்லாவற்றையும்.

அவளுடைய ரியூட்டில் மஞ்சள், பச்சை, ரோஸ் என்று மூன்று நிறத்தில் கோடு இருக்கும் என்று நினைக்கிறேன். பார்க்க அழகாகத்தான் இருக்கும். பக்கம் முழுவதும் கோடு போட்டால் எதற்கும் கோடு போடாததற்குச் சமம். அதைவிட, கை வேலை செய்வதால் படித்துவிட்டோம் என்ற திருப்தி வந்துவிடுகிறது. திரும்பத் திரும்ப வாசிப்பதிலும் இதே ஏமாற்று உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், சில மாணவர்கள் ஒரு பகுதியைத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் ஒரு தரம் வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள்: 81 வீதம், மற்றவர்கள் 75. ஒரு கிழமை கழித்து நிலைமை தலைகீழ். திரும்ப வாசித்தவர்களிடம் 42 வீதம் எஞ்சியிருந்தது, எழுதிப் பார்த்தவர்களிடம் 56. இரவு உங்களுக்குக் கடகடவென்று ஒப்புவிக்கும் பிள்ளை தவணைப் பரீட்சையில் தடுமாறுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, எப்படி வாசிப்பது? 1946இல் ரொபின்சன் என்ற உளவியலாளர் ஐந்து படி முறையொன்றைச் சொன்னார், இன்றும் அதைப் பல இடங்களில் கற்பிக்கிறார்கள். ஐந்தையும் ஒவ்வொரு நாளும் செய்யும் பிள்ளைகள் குறைவு. இரண்டைப் பிடித்துக்கொண்டால் எனக்குப் போதும்: வாசிக்க முன் கேள்வி கேட்பது, வாசித்த பின் மூடிவிட்டு எழுதுவது.

ரியூட்டில் ‘நிர்வாகக் குழு முறை’ என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அதற்குக் கீழே இறங்க முன், பென்சிலால் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதட்டும்: ஏன் நேரடியாக அமைச்சரவை ஒன்றைக் கொடுக்காமல் குழுக்களைக் கொடுத்தார்கள்? இப்போது அவள் தேடி வாசிப்பாள். அன்று இங்கே சரியான கட்சி முறை இல்லை, எல்லா உறுப்பினருக்கும் நிர்வாகப் பழக்கம் வரவேண்டும் என்று நினைத்தார்கள், லண்டன் மாநகர சபையின் குழு முறை முன்மாதிரியாக இருந்தது. இந்த மூன்றும் கேள்விக்குப் பதிலாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஓரத்தில் ‘இது 1936இல் என்ன ஆனது?’, ‘சிறுபான்மையினருக்கு நன்மையா?’ என்றும் கிறுக்கலாம். புத்தகத்தோடு வாதாடும் பிள்ளைக்கு ‘விமர்சன ரீதியாக’ என்ற சொல்லைக் கண்டால் பயம் வராது. பிறகு மூடி வைத்துவிட்டு, கொப்பியில் ஐந்தாறு வரி. திறந்து பார்த்து, விட்டுப் போனதை வேறு நிற மையில் சேர்க்க வேண்டும். அந்த வேறு நிறம்தான் நாளைக்குப் படிக்க வேண்டியது. இரண்டு நாள் கழித்து அதே கேள்வியை இன்னொரு தரம்.

நீங்கள் பாடம் தெரிந்தவராக இருக்கத் தேவையில்லை. குசினியில் நிற்கும்போது ‘இன்றைக்கு வாசித்ததில் ஒன்றை எனக்கு விளங்கப்படுத்து’ என்று கேளுங்கள், இடையில் ‘ஏன்?’ என்று இரண்டு தரம் கேளுங்கள். புள்ளியைப் பற்றி மட்டும் அந்த நேரத்தில் பேச வேண்டாம்.

அப்புறம் கட்டுரை. மூன்று மணித்தியாலத்தில் ஐந்து வினா என்றால் ஒன்றுக்கு 36 நிமிடம். அதில் முதல் ஐந்து நிமிடம் பேனா விடைத்தாளின் முதல் வரியைத் தொடக் கூடாது. மணி ஓடும்போது சும்மா இருப்பதுபோல் தோன்றுவதால் பிள்ளைகள் இதற்குத்தான் அதிகம் மறுப்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தில், வினா என்ன செய்யச் சொல்கிறது என்பதற்கு வட்டம் போட வேண்டும். வினா பகுதி பகுதியாக வந்தால் பக்கத்தில் உள்ள புள்ளியைப் பார்க்க வேண்டும். 4 புள்ளிப் பகுதிக்கு ஒன்றரைப் பக்கம் எழுதும் பிள்ளைகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். பிறகு தன் முடிவை ஒரே வசனத்தில் எழுத வேண்டும். இந்த வினாவுக்கு உதாரணமாக: ‘நிர்வாகக் குழு முறை உறுப்பினருக்கு நிர்வாக அனுபவம் கொடுத்தது, ஆனால் கூட்டுப் பொறுப்பை வளர்க்கவில்லை, சிறுபான்மையினருக்கு நிலையான பங்கையும் உறுதிப்படுத்தவில்லை.’

இந்த ஒரு வசனம் கிடைத்துவிட்டால் கட்டுரை பாதி முடிந்த மாதிரி. மூன்று கூற்று, மூன்று பந்தி. மூன்றாவது பந்தியை எடுத்துக்கொள்வோம். குழுத் தலைவர்களே அமைச்சர்கள். தலைவரைக் குழு உறுப்பினர்கள்தான் தெரிவு செய்தார்கள். 1931இல் இந்திய வம்சாவளித் தமிழரான பெரி சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தகத்துக்கு அமைச்சரானார். 1936இல் பெரும்பான்மையினர் குழுக்களின் உறுப்பினர் பங்கீட்டைத் திட்டமிட்டு ஒழுங்குபடுத்தியதால் ஏழு அமைச்சர்களும் சிங்களவர்களாக வந்தார்கள். ஆகவே பங்கு கிடைப்பது முறையில் அல்ல, பெரும்பான்மையின் விருப்பத்தில் தங்கியிருந்தது. கூற்று, சான்று, ‘ஆகவே’. மகளின் விடைத்தாளில் சான்று எல்லாம் இருக்கிறது, ஒரு ‘ஆகவே’ கூட இல்லை. முன்னுரைக்கு நீண்ட வரலாறும் தேவையில்லை, அந்த முடிவு வசனமே முன்னுரை.

கடைசி மூன்று நிமிடம் வாசித்துப் பார்ப்பதற்கு. வினாத்தாளில் கொடுக்கும் 10 நிமிட மேலதிக வாசிப்பு நேரமும் வினாவைத் தெரிவு செய்யத்தான், பதற்றத்தோடு கூரையைப் பார்க்க அல்ல.

வீட்டில் பழகும்போது ஆரம்பத்தில் மணி பார்க்க வேண்டாம். கிழமைக்கு ஒரு கட்டுரை போதும். எழுதி முடித்து, பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித் திட்டத்தை வைத்து அவளே திருத்தி, மோசமான ஒரு பந்தியை மட்டும் திரும்ப எழுதட்டும். திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கைகளில் பரீட்சார்த்திகள் எங்கே வழுக்குகிறார்கள் என்றும் எழுதியிருப்பார்கள். வீட்டில் அமைதி இல்லையென்றால் பக்கத்திலேயே தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது.

சட்டம் படிக்க ஆசை என்று எழுதியிருந்தீர்கள். நல்லது. வழக்குத் தீர்ப்பொன்றை வாசித்து, நீதிபதியின் முடிவுக்குக் காரணம் எது, போகிற போக்கில் சொன்னது எது என்று பிரிப்பதுதான் அங்கே அன்றாட வேலை. அது சரிவராமல் சீமா (CIMA) என்ற முகாமைக் கணக்கியல் படிப்பின் பக்கம் போனாலும் தப்ப முடியாது: அதன் கேஸ் ஸ்டடி பரீட்சைக்கு முன்கூட்டியே ஒரு நிறுவனத்தைப் பற்றிய ஆவணம் கொடுத்து, அதை வைத்து மூன்று மணித்தியாலம் எழுதச் சொல்வார்கள்.

இனி வகுப்புகள். இப்போது போகும் இரண்டு தியறி வகுப்பில் ஒன்றை நிறுத்துங்கள், மகளுக்கு எது வேண்டும் என்பதை அவளே சொல்லட்டும். பேப்பர் வகுப்பு ஒன்று இருந்தால், எழுதிய விடையைத் திருத்தித் திருப்பிக் கொடுக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். கொடுக்காவிட்டால் அதற்கும் காசு கட்ட வேண்டாம்.