'டு அண்ட் ஃப்ரோ' கட்டணம் என்றால் போகவா, வரவா, இரண்டுக்குமா?

கேள்வி: டெல்லியிலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்திருக்கிறது. 'டு அண்ட் ஃப்ரோ ஸ்லீப்பர் கிளாஸ் ஃபேர்' திருப்பித் தரப்படும் என்று போட்டிருக்கிறார்கள். போகிற செலவு மட்டும்தானா? இன்னொன்று: நான் தினமும் அரக்கோணத்திலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். 'ஐ கோ டு அண்ட் ஃப்ரோ சென்னை டெய்லி' என்று எழுதினால் சரியா?

பதில்: போக, வர இரண்டுக்கும் சேர்த்துத்தான். ஒரு வழிக்கு 600 ரூபாய் டிக்கெட் என்றால் 1,200 ரூபாய் கேட்கலாம். நீங்கள் ஏசி பெட்டியில் போனாலும் ஸ்லீப்பர் கட்டணம்தான் கணக்கு. 'ஷார்ட்டஸ்ட் ரூட்' என்ற சொல் கடிதத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், சுற்றுவழியில் போன கூடுதல் செலவு வராது. டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள்.

இந்தப் பொருள் நம் நாட்டு அலுவலக ஆங்கிலத்துக்கே உரியது. பிரிட்டனில் இதை 'ரிட்டர்ன் ஃபேர்' என்பார்கள், அமெரிக்காவில் 'ரவுண்ட் டிரிப் ஃபேர்'. வெளிநாட்டுக்கு எழுதும்போது அந்தச் சொற்களைப் போடுங்கள். இங்கே பணம் கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் கடிதத்தில் உள்ள அதே சொல்லைப் போடுவதுதான் நல்லது, மாற்றி எழுதிக் குழப்ப வேண்டாம்.

பொதுவான ஆங்கிலத்தில் 'டு அண்ட் ஃப்ரோ' என்பது ஒரு தடவை போய் வருவதைக் குறிப்பதில்லை. திரும்பத் திரும்ப நடக்கும் அசைவு அது. ஊஞ்சல் ஆடுவது, கடிகாரத்தின் ஊசல் அசைவது, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒருவர் நிலைகொள்ளாமல் இங்கும் அங்கும் நடப்பது, இவைதான் அதன் சொந்த இடம்.

இப்போது உங்கள் வாக்கியம். அதில் பிழை இருக்கிறது. 'ஃப்ரோ' என்பது 'ஃப்ரம்' என்ற சொல்லின் உறவுக்காரச் சொல். வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இன்று அநேகமாக இந்த ஒரு தொடரில் மட்டுமே உயிரோடு இருக்கிறது. அதற்குப் பின்னால் ஊர்ப் பெயரை நேரடியாக ஒட்ட முடியாது. ஊர்ப் பெயர் வர வேண்டுமென்றால் 'டு அண்ட் ஃப்ரம்' என்று எழுத வேண்டும்: 'ஐ டிராவல் டு அண்ட் ஃப்ரம் சென்னை எவ்ரி டே'. தொடர் அங்கேயே முடிகிறதென்றால் 'ஃப்ரோ', பின்னால் இடம் வருகிறதென்றால் 'ஃப்ரம்'. இதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

ஆனால் உங்களுக்கு இரண்டுமே தேவையில்லை. 'ஐ கம்யூட் ஃப்ரம் அரக்கோணம் டு சென்னை' என்று எழுதுங்கள். வேலைக்குத் தினமும் போவதும் திரும்புவதும் 'கம்யூட்' என்ற ஒரு சொல்லிலேயே அடங்கிவிடும். ரயிலில் நாம் சொல்லும் 'டெய்லி அப் அண்ட் டவுன்' நம் ஊரில் எல்லோருக்கும் புரியும், வெளிநாட்டவருக்குப் புரியாது. மாடிப்படியில் ஏறி இறங்குகிறீர்கள் என்றோ, நடையில் உலாத்துகிறீர்கள் என்றோதான் அவர் நினைப்பார்.

பேச்சில் இன்று அதிகம் கேட்பது 'பேக் அண்ட் ஃபோர்த்'. இதன் பக்கத்தில் 'டு அண்ட் ஃப்ரோ' கொஞ்சம் பழைய, எழுத்து நடைச் சொல்லாகத் தோன்றும். இரண்டு இடங்களைச் சொல்லும்போது 'பிட்வீன்' சேரும்: 'பேக் அண்ட் ஃபோர்த் பிட்வீன் மதுரை அண்ட் சென்னை'. மெயில் மேல் மெயிலாகப் பேசி ஒரு முடிவுக்கு வந்தால் 'ஆஃப்டர் எ லாட் ஆஃப் பேக் அண்ட் ஃபோர்த்' என்பார்கள். தமிழில் 'முன்னும் பின்னும்' என்று நினைத்துக்கொண்டு பலர் இதை 'ஃப்ரண்ட் அண்ட் பேக்' ஆக்கிவிடுகிறார்கள். அது ஆதார் கார்டை இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லும்போது வருவது. வரிசையையும் மாற்றக் கூடாது. 'ஃபோர்த் அண்ட் பேக்' என்று எழுதினால் ஆங்கிலக் காதுக்கு உறுத்தும். எழுதும்போது இந்த 'ஃபோர்த்'தில் 'யு' எழுத்து வராது, வந்தால் 'நான்காவது' ஆகிவிடும்.

பிரிட்டிஷ்காரர்கள் 'டூயிங் அண்ட் ஃப்ரோயிங்' என்றும் சொல்வார்கள். வீண் அலைச்சல் என்ற சலிப்பு பெரும்பாலும் அதில் கலந்திருக்கும். பயணப்படி கேட்டு அதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் அதைப் போட்டுவிடாதீர்கள், குறை சொல்வதுபோல் ஆகிவிடும்.