மருத்துவர் பதில்கள்: குடல்வால் முதல் கொசுவலை வரை

கேள்வி: குடல்வால் அழற்சிக்கு இனி அறுவைச் சிகிச்சை தேவையில்லை, ஆன்டிபயாடிக் போதும் என்று நாளிதழில் படித்தேன். என் மகனுக்கு அப்படியே செய்யலாமா? (ஈரோடு)

பதில்: மகனின் வயது, ஸ்கேன் முடிவு, காய்ச்சல் விவரம் எதையும் எழுதாமல் ‘செய்யலாமா’ என்று மட்டும் கேட்டால், நான் சோழி உருட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் படித்தது, அமெரிக்காவில் சுமார் 1,550 பெரியவர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2020இல் வெளியான ‘கோடா’ ஆய்வைப் பற்றியதாக இருக்கலாம். அதில் ஆன்டிபயாடிக் பெற்றவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு 90 நாட்களுக்குள்ளேயே குடல்வாலை அகற்ற நேர்ந்தது; மூன்று நான்கு ஆண்டுகளில் அந்தக் கணக்கு ஏறக்குறையப் பாதியை எட்டியது. குடல்வாலுக்குள் மலக்கல் இறுகியிருந்தவர்களுக்கோ 90 நாள் கணக்கே பத்துக்கு நான்கு. சிக்கல்களும் அவர்களுக்கே கூடுதல். கல் இல்லாத, வெடிக்காத குடல்வால் என்று ஸ்கேன் சொன்னால், வலி திரும்பியவுடன் மருத்துவமனைக்கு ஓடிவரக்கூடிய பெரியவருக்கு இது நியாயமான மாற்றுவழிதான். ஆனால் அது மருத்துவர் கண்காணிப்பில் தரும் சிகிச்சை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஐந்து மாத்திரை அல்ல.

கேள்வி: மாஸ்டர் செக்கப்பில் பித்தப்பையில் 8 மி.மீ. கல் தெரிந்தது. வலி ஏதும் இல்லை. (நாகர்கோவில்)

பதில்: வலி தராத கல்லைத் தொடாமல் விடுவதே பெரும்பாலோருக்குப் பொருத்தம், மேல்வயிற்று வலியோ காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ தோன்றினால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 58. அடிவயிற்று இடுக்கில் ஹெர்னியா (குடலிறக்கம்); இருமினால் புடைக்கிறது, படுத்தால் மறைகிறது, வலி இல்லை. காத்திருக்கலாமா? (திண்டுக்கல்)

பதில்: இப்படி விவரத்தோடு எழுதுபவரைக் கண்டால் மகிழ்ச்சியாக இருக்கிறது. காத்திருக்கலாம். வட அமெரிக்காவில் சுமார் 720 ஆண்களிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், காத்திருந்தவர்கள் ஆயிரம் பேர் என்று கொண்டால் ஆண்டுக்கு இரண்டு பேருக்குத்தான் குடல் சிக்கி அவசர நிலை வந்தது. எனினும் பத்தாண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கினர், பெரும்பாலும் வலி கூடியதால், தாமாகவே அறுவைச் சிகிச்சைக்கு வந்துவிட்டனர். புடைப்பு உள்ளே போக மறுத்து வலித்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தக் கணக்கு ஆண்களுக்கு மட்டுமே உரியது. பெண்களுக்குத் தொடைப்பக்க ஹெர்னியா வரும் வாய்ப்பும் அது சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம் என்பதால் அவர்கள் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரவே சவரம் செய்துகொண்டு வரச் சொன்னார்கள், கணவர் மறந்துவிட்டார். சீழ் பிடிக்குமா? (கடலூர்)

பதில்: மறந்ததே நல்லது. பயிற்சி மருத்துவராக நான் இருந்த வார்டில், மாலை ஆறு மணிக்கு ஒருவர் சோப்புத் தண்ணீரும் ஒரே பிளேடுமாகப் படுக்கை படுக்கையாக வருவார். மறுநாள் காலை அரங்க விளக்கின் கீழ் பார்த்தால் வயிறெங்கும் நூலிழை போன்ற கீறல்கள் இருக்கும். அவற்றில் ஊறிய நீரில் கிருமிகள் இரவு முழுக்கப் பெருகியிருக்கும். 1971இலேயே வெளியான ஓர் ஆய்வில், பிளேடால் மழிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குப் புண்ணில் சீழ் வைத்தது. மழிக்காதவர்களிலும் முடிநீக்கும் களிம்பு பூசியவர்களிலும் அது நூற்றுக்கு ஒருவர் என்ற அளவைக்கூட எட்டவில்லை. பிளேடு கூடவே கூடாது, தேவையென்றால் கிளிப்பரால் கத்தரித்தால் போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் சொல்லிவிட்டது. அரை நூற்றாண்டு ஆகியும் அந்தப் பிளேடு ஓயவில்லை; ஆனால் கீறலை உண்டாக்கிவிட்டு, அதற்கு ஈடாக ஏழு நாள் ஆன்டிபயாடிக் மட்டும் தவறாமல் எழுதித் தருகிறோம். கத்தி வைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் போடும் ஆன்டிபயாடிக் ஊசிதான் தடுப்பு. வெறும் தடுப்புக்காக அதைப் பிறகும் நீட்டிப்பதை அதே வழிகாட்டி விலக்கச் சொல்கிறது. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் சுமார் 13,300 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ‘சீட்டா’ ஆய்வில், வயிற்றைத் தைத்து மூடும் முன் கையுறையையும் கருவிகளையும் மாற்றியதாலேயே புண் தொற்று நூற்றுக்கு 19இலிருந்து 16ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இதே ஏழு நாடுகளில் சோதிக்கப்பட்ட, கிருமிநாசினி தோய்த்த விலையுயர்ந்த தையல் நூலால் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

கேள்வி: நள்ளிரவு முதல் தண்ணீரும் குடிக்கக் கூடாதா? (மதுரை)

பதில்: மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை வெறும் தண்ணீர் குடிக்கலாம், பாலுக்கு ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். நீண்டநாள் சர்க்கரை நோயாளிகள் மயக்கவியல் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும்.

கேள்வி: ஹெர்னியாவுக்குக் கொசுவலையை வைத்துத் தைக்கிறார்களாமே? (சேலம்)

பதில்: உண்மைதான். மகாராஷ்டிரத்தின் தோண்டாய்ச்சாவில் மருத்துவர் தோங்காவ்கர் இதை முன்னெடுத்தார். உகாண்டாவில் சுமார் 300 ஆண்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் இதற்கும், ஹெர்னியா அறுவையில் வயிற்றுச் சுவரைத் தாங்க வழக்கமாக வைத்துத் தைக்கும் விலையுயர்ந்த வலைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் இழையின் வகை அறிந்து, சரியான வெப்பத்தில் கிருமி நீக்கிய பின்னரே அது உடலுக்குள் போகிறது. வீட்டில் இருப்பதையே வெட்டிக் கொண்டுவரலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம், அது கட்டிலிலேயே இருக்கட்டும்.