ரூட் நுழைவை அடைத்தால் நாமே வெளியே மாட்டிக்கொள்வோமா?

கேள்வி: எங்கள் லினக்ஸ் சர்வரில் எல்லா உரிமையும் உள்ள நிர்வாகக் கணக்கான ரூட்டின் ஒரே கடவுச்சொல்லை மூன்று பேர் பயன்படுத்துகிறோம், பராமரிப்பு ஒப்பந்தக்காரரிடமும் அது உண்டு. நேரடி ரூட் நுழைவை நிறுத்தும்படி தணிக்கையில் சொல்லிவிட்டார்கள். நிறுத்தினால் எங்களாலேயே உள்ளே போக முடியாமல் ஆகிவிடுமா?

பதில்: செய்யும் வரிசை தவறினால் மட்டுமே அப்படி ஆகும். முதலில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும், அதிலிருந்தே ரூட்டாகக் கட்டளை இட அனுமதிக்கும் சூடோ உரிமையும் கொடுத்து, அந்தக் கணக்கின் வழியே ரூட் வேலை ஒன்றை உண்மையிலேயே செய்து பாருங்கள். அதன் பிறகே, தொலைவிலிருந்து நுழைய வழிசெய்யும் எஸ்எஸ்ஹெச் சர்வரின் அமைப்புக் கோப்பில் 'பெர்மிட்ரூட்லாகின்' வரிக்கு 'நோ' என்று மதிப்பிட்டு, சேவையை ரீலோடு செய்யுங்கள். அப்போது திறந்திருக்கும் இணைப்பை மூடாமல் வேறொரு சன்னலில் புதிதாக நுழைந்து பார்த்தால், பிழை இருந்தாலும் பழைய இணைப்பிலிருந்தே திருத்திக்கொள்ளலாம்.

அந்த வரியை அழித்துவிட்டாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எஸ்எஸ்ஹெச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்ஹெச்சின் 2015இல் வந்த 7.0 பதிப்பு முதல் இயல்பு மதிப்பு ரூட்டுக்குக் கடவுச்சொல்லை மட்டுமே மறுக்கிறது. கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் சாவிக் கோப்பு வைத்திருப்பவர் தாராளமாக நுழையலாம். மேலும், ஒரே அமைப்பு இருமுறை வந்தால் முதலில் படிக்கப்படுவதே செல்லும் என்பதால், அமைப்புக் கோப்போடு சேர்த்துப் படிக்கப்படும் துணைக் கோப்புகளின் அடைவில் வேறு யாரோ வைத்த கோப்பு உங்கள் வரியைச் செல்லாததாக்கிவிடக்கூடும். எஸ்எஸ்ஹெச்டி கட்டளையை ரூட் உரிமையுடன் பெரிய எழுத்து 'T' தெரிவு சேர்த்து (sshd -T) ஓட்டினால், எல்லாக் கோப்புகளையும் படித்தபின் செல்லும் மதிப்பு தெரியும். தணிக்கைப் படிவத்தில் 'ஆம், இல்லை' என்ற கட்டம் மட்டுமே இருப்பதால் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. டிக் அடித்தால் அவர்கள் வேலை முடிந்தது.

ஒப்பந்தக்காரர் விஷயத்தில் கறாராக இருங்கள். "ரூட் இல்லாமல் பராமரிக்க முடியாது" என்பவர் பெரும்பாலும் விரும்புவது, என்ன செய்தார் என்ற தடயம் தன் பெயரில் பதிவாகாமல் இருப்பதைத்தான். கடவுச்சொல்லை மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாமல், ரூட்டுக்கு ஏற்கப்படும் சாவிகளின் பட்டியலான 'ஆத்தரைஸ்டு கீஸ்' கோப்பைத் திறந்து, யாருடையது என்று உங்களால் சொல்ல முடியாத ஒவ்வொரு சாவியையும் நீக்குங்கள். அவருக்கும் தனிக் கணக்கே கொடுங்கள், ஒப்பந்தம் முடியும் நாளில் காலாவதியாகும்படி.

ஒரே ஒரு விலக்கு உண்டு: இரவில் வேறொரு சர்வரிலிருந்து ரூட்டாக நுழைந்து நகலெடுக்கும் பேக்அப் நிரல். இதைக் காரணம் காட்டித்தான் கதவு முழுவதையும் திறந்துவைக்கச் சொல்வார்கள். அதற்குத் தேவையே இல்லை. 'நோ' என்பதற்குப் பதிலாக 'ஃபோர்ஸ்டு கமாண்ட்ஸ் ஒன்லி' (forced-commands-only) என்ற மதிப்பை இட்டு, 'ஆத்தரைஸ்டு கீஸ்' கோப்பில் அந்தச் சாவியின் வரியில் ஓட வேண்டிய கட்டளையையும், எந்த ஐபி முகவரியிலிருந்து வரலாம் என்பதையும் எழுதிவிட்டால், அந்தச் சாவியால் அந்த ஒரு வேலையை மட்டுமே செய்ய முடியும். கட்டளை எழுதப்படாத சாவிகள் ரூட்டுக்கு ஏற்கப்படுவதே இல்லை. அமைத்து முடித்ததும் பேக்அப் சர்வரிலிருந்து அதே சாவியுடன் கையால் நுழைந்து பாருங்கள். எந்தக் கட்டளையையும் இடக்கூடிய ரூட் ஷெல் திறந்தால், மதிப்பு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.